மூட்டுவலிக்கு மஞ்சள் பால்: இரவல் சான்று

மூட்டுவலிக்குத் தினமும் மஞ்சள் பால் குடிப்பது பாட்டி காலத்துக் கைவைத்தியம் என்றே பேசப்படுகிறது. ஆனால் தமிழ் வீடுகளில் மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் சேர்த்த சூடான பால் பெரும்பாலும் சளிக்கும் வறட்டு இருமலுக்கும் உரியதாக இருந்தது. சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் மஞ்சளைப் பற்றாகப் போடுவார்கள். 2020இல் ஆயுஷ் அமைச்சகம் 150 மில்லி சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் கலந்து நாளுக்கு ஓரிரு முறை குடிக்கலாம் என்றது. அதுவும் நோய் எதிர்ப்பாற்றலுக்காகச் சொன்னதே. இப்போது அதே டம்ளர் வலி மாத்திரைக்கு மாற்று என்றும், அதற்கு அறிவியல் சான்று உண்டு என்றும் வாதிடப்படுகிறது.

இப்பழக்கத்தின் நிறைகளை மறுக்க வேண்டியதில்லை. செலவு குறைவு, சமையல் அளவில் மஞ்சள் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை, இரவில் சூடான பால் இதம் தரும். மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் கொழுப்பில் கரைவது என்பதால் பாலில் கலப்பதும் பொருத்தமானதே. வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு.

குறை அந்தச் சான்றில் இருக்கிறது. அது மஞ்சள் பாலைக் கொடுத்துப் பெற்ற சான்றே இல்லை. 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் இபுப்ரோஃபென், மறு சாராருக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாரம் என நான்கு வாரம் கொடுத்தார்கள். வலி குறைவதில் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. மஞ்சளை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டும் முடிவு இது. ஆனால் ஆய்வில் சாரம் பெற்றவர்கள் விழுங்கியது குர்குமின் வகைப் பொருள்களைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய குளிகை.

மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். அரைத் தேக்கரண்டித் தூளின் எடை சுமார் ஒன்றரை கிராம். அதில் இருப்பது 45 மில்லிகிராம் குர்குமின். இரு வேளை குடித்தாலும் 90. அந்தச் சாரத்தில் குர்குமின் 1000 மில்லிகிராம்தான் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், அதைத் தூளிலிருந்து பெற நாளுக்கு 33 கிராம் மஞ்சள்தூள் தேவை. அதாவது இருபத்திரண்டு டம்ளர் பால். இந்தக் கணக்கைச் சொல்லாமல் ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டுவது வாசகரைத் தவறான வழியில் செலுத்துவதாகும்.

உடனே மிளகு முன்வைக்கப்படுகிறது. மிளகிலுள்ள பைப்பரின், குர்குமின் உடலில் சேர்வதை இருபது மடங்கு உயர்த்தும் என்பது 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வின் முடிவு. அதில் தரப்பட்டது 20 மில்லிகிராம் பைப்பரினுடன் 2 கிராம் தனிக் குர்குமின். அந்தப் பைப்பரின் ஒரு சிட்டிகை மிளகில் கிடைத்துவிடலாம். அந்த 2 கிராம் குர்குமின் எந்த டம்ளரிலும் இல்லை. மிளகு இல்லாதபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு மிகச் சொற்பம் என்பதால்தான் மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

செறிவான சாரத்தின் பலனுக்கும் எல்லை உண்டு. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 70 பேர் 12 வாரம் பங்கேற்றனர். போலி மாத்திரை எடுத்தவர்களைவிடச் சாரம் எடுத்தவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது; ஸ்கேனில் மூட்டு நீர்க்கோவையிலோ குருத்தெலும்பிலோ வேறுபாடு தெரியவில்லை. குளிகையே செய்யாததைப் பால் செய்யும் என்று நம்ப இடமில்லை.

காப்புரிமை வழக்கும் சான்றாகக் காட்டப்படுகிறது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் தரப்பட்ட உரிமையை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து, 1997இல் நீக்கச் செய்தது. அந்தப் பயன்பாடு புதிதன்று என்பதே அங்கே நிலைநாட்டப்பட்டது. மூட்டுவலி அங்கே பேச்சிலேயே இல்லை.

இரவல் சான்றின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். மூட்டுவலி என்பது ஒரே நோயின் பெயரன்று. முடக்குவாதத்தில் முதல் சில மாதங்களிலேயே உரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெரிதும் தடுக்கலாம்; அந்த மாதங்களை மஞ்சள் பாலில் கழித்தவருக்குக் கோணிய விரல்கள் மீண்டும் நேராவதில்லை. கீல்வாதத்தில் குறைய வேண்டியது யூரிக் அமிலம். கிருமி புகுந்த மூட்டு சில நாள்களிலேயே அழியக்கூடும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்களும் மஞ்சளை மருந்தளவுக்குக் கூட்டினால் ஆபத்து வேறு. வீட்டு மருந்துதானே என்ற சொல் இவை அனைத்தையும் மறைத்துவிடுகிறது.

முழங்கால் தேய்மானத்துக்கு உறுதியான பலன் தருபவை தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. மஞ்சள் பாலை உணவாகக் குடிக்கலாம். மூட்டுவலிக்கு அது மருந்தாகாது. வீங்கிச் சிவந்த மூட்டும், காலையில் அரை மணிக்கு மேல் நீடிக்கும் இறுக்கமும், காய்ச்சலோடு வரும் வலியும் உள்ளவர்கள் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.