திருவதிகைப் போர்முனை: ஓர்மின் வரலாறும் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பும்

முன்னுரை

கர்நாடகப் போர்களை ஆராய்வோர் இராபர்ட் ஓர்மின் படை வரலாற்றை (முதல் தொகுதி, 1763) முதன்மைச் சான்றாகக் கொள்வர். ஆனந்தரங்கப்பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பு அதனைச் சரிபார்க்கும் துணைச் சான்றாகவே பெரிதும் பயன்பட்டு வருகிறது. இவ்வரிசைமுறை போர்முனையின் அன்றாடத்தை மறைக்கிறது என்பதைத் திருவதிகையை முன்வைத்து இக்கட்டுரை நிறுவுகிறது.

களம்

பண்ணுருட்டியை அடுத்துக் கெடிலக்கரையில் அமைந்த திருவதிகை, அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. அப்பர் சூலைநோய் நீங்கப்பெற்ற தலம். பழைய ஆங்கில ஆவணங்கள் இதனைத் ‘திருவதி’ என்கின்றன. திருவையாறும் ஏறத்தாழ அப்பெயராலேயே குறிக்கப்பெறுவதால் ஆய்வாளர் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1752இல் ஆங்கிலேயரும் திருவதிகையைக் கைப்பற்றினர். 1753இல் அது மீண்டும் கைமாறியது.

வண்டித்தடப் போர்

1753 சனவரி முதல் ஏப்ரல் வரை மேஜர் லாரன்சின் படை இங்குப் பாளையமிறங்கியிருந்தது. பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றங்கரையில் அரண் அமைத்து வெளிவராதிருந்தது. முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை வழிகளை மறித்தது. உணவுப்பொருள்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலிருந்து வரவேண்டியிருந்தமையால், அவற்றுக்கு வழித்துணையாகப் பாளையமே எழுந்து செல்ல நேர்ந்தது. மோதல்கள் பலவும் இவ்வழியிலேயே நிகழ்ந்தன. இறுதியில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் உணவு குறைந்துவிட்டது என்னும் செய்தியே லாரன்சைத் தெற்கே செல்லவைத்தது. படையின் போக்கைப் பீரங்கியினும் நெல்லே மிகுதியாகத் தீர்மானித்தது.

இரு நோக்குகள்

ஓர்ம் முடிவறிந்து எழுதியவர்; எனவே இம்மாதங்கள் அவர் நூலில் இரு பெரும் நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட தாமதமாகச் சுருங்குகின்றன. பிள்ளையும் களத்தில் நின்றவர் அல்லர். புதுச்சேரியிலிருந்தபடியே கடிதங்களும் தூதர்களும் கொணர்ந்த செய்திகளை அன்றன்று பதிந்தவர். இன்று கேட்டது நாளை மறுக்கப்படலாம். இதனை நம்பகக் குறையாகக் கருதுவது பொருந்தாது. போர்க்காலத்தில் மக்கள் போரை அறிந்த முறையே இதுதான். எனினும், அவர் துய்ப்ளேயின் துபாசி, வணிகர். அவர் செவிக்கு எட்டியவை அந்நிலையைச் சார்ந்தவை என்பதையும் மறத்தல் கூடாது.

நாள் முரண்களையும் எச்சரிக்கையோடு அணுகவேண்டும். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் நாட்காட்டி பிரெஞ்சுக்காரர் நாட்காட்டியினும் 11 நாள் பின்தங்கியிருந்தது. முரண் எனத் தோன்றும் சில, முரணே அல்ல.

முடிவுரை

ஓர்முக்குத் திருவதிகைக் கோயில் மதிலரண் மட்டுமே. பாளையத்துக்கு எருதும் வைக்கோலும் எவ்வூரார் தந்தனர், அவ்வாண்டு கெடிலக்கரையில் அறுவடை நடந்ததா என்பன அவர் வினாக்கள் அல்ல. ஆனால், போர்முனையில் வாழ்ந்தோர்க்கு அவையே போர். அவற்றைத் தேடும் ஆய்வு, நாட்குறிப்பை ஓர்மின் அடிக்குறிப்பாக நோக்காமல், ஆங்கில மொழிபெயர்ப்போடு நின்றுவிடாமல், தமிழ் மூலத்தை நாள்முறையே வாசிப்பதிலிருந்து தொடங்கவேண்டும்.