மழலை கேட்ட மன்னன்

அதியமான் நெடுமான் அஞ்சி என்றவுடன் நம்மவர் நாவில் எழுவது நெல்லிக்கனி. புறநானூற்றின் 91 ஆம் பாட்டு அக்கனியைப் போற்றுவது. மேடைதோறும் அது பேசப்படுகிறது. அதனை அடுத்துள்ள 92 ஆம் பாட்டைப் பேசுவார் அரியர். பாடியவரும் அதே ஔவையார். பாடப்பெற்றவனும் அதே அஞ்சி. அவன் ஆண்ட தகடூரே இன்றைய தர்மபுரி. இம்மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தும் எழுத்தறிவித்தும் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாம், அப்பாட்டின் முன் சற்று நின்று பார்ப்பது கடனென்று கருதுகிறோம். அவ்வாறு நிற்க வைத்த காரணம் ஒன்று நம் இல்லத்திலேயே நேர்ந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பாட்டு மிகச் சிறியது. மழலைச் சொல்லின் குறைகள் மூன்றை ஔவையார் முதலில் அடுக்குகிறார். அது யாழிசையோடு ஒவ்வாது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் அறியவாராது. ஆயினும் தந்தையர்க்கு அருளைத் தோற்றுவிப்பது அம்மழலை. என் வாய்ச்சொல்லும் அத்தன்மையதே. பகைவரின் காவல்மிக்க அரண்கள் பலவற்றைக் கடந்த அஞ்சியே, நீ அருளுடையவன் ஆதலின் இதனை ஏற்கிறாய் என்று முடிக்கிறார்.

இதனைப் புலவரின் அவையடக்கம் என்று கூறி அப்பால் செல்வது வழக்கம். அவ்விளக்கம் பிழையன்று, ஆனால் போதாது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தோடு ஒப்பிட்டால் இது புலனாகும். தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலும் யாழும் இனியவை என்பர் என்கிறார் வள்ளுவர். அங்கே மழலை யாழை வெல்கிறது. ஔவையார் அவ்வாறு சொல்லவில்லை. யாழோடு வைத்தால் மழலை தோற்கும் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். எவர் கூற்று மெய்? இரண்டும் மெய்யே. வள்ளுவர் பேசுவது பெற்றோரின் செவியைப்பற்றி. ஔவையாரோ பெற்றோரைச் சொல்லத் தொடங்கி, பெற்றோரல்லாத ஒருவனிடம் வந்து நிற்கிறார்.

அவர் கையாண்ட சொல்லையும் கருதவேண்டும். தந்தைக்கும் மகவுக்கும் இடையே உள்ளதை அன்பு என்றே நாம் எதிர்பார்ப்போம். ஔவையாரோ அருள் என்றார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தியவர் பரிமேலழகர். அவர் மிகப் பிற்காலத்தவர் என்பதை மறந்தோமல்லோம். எனினும், தந்தையிடத்துச் சொன்ன அதே சொல்லைப் பாட்டின் இறுதியில் அரசனிடத்தும் வைத்திருப்பதால், அச்சொல் உறவின் வேலியைத் தாண்டியே நிற்கிறது. அரபுமொழியிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. கருணையைக் குறிக்கும் ‘ரஹ்மத்’தும் கருப்பையைக் குறிக்கும் ‘ரஹிம்’மும் ஒரே வேரில் கிளைத்தவை. வேர் தாயின் வயிற்றில் இருக்கிறது. கிளையோ ஊர் முழுதும் நிழல் தருகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்றிருக்கையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் படும் துயரத்தை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்பது ஹதீஸில் காணும் செய்தி. அக்குழந்தை இன்னாருடையது என்னும் வினாவே அங்கில்லை. பொருளறிய வாராத ஒரு குரலுக்காக வணக்கத்தின் அளவே மாறியது. 92 ஆம் பாட்டுக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

இனி நம் இல்லத்துச் செய்திக்கு வருவோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றைப்போல் நம் வீட்டிலும் வழங்குவது தக்கினி உருது. கடைவீதியில் தமிழ், ஓதுமிடத்தில் அரபு. நம் மகள்வயிற்றுப் பேத்திக்கு மூன்றரை வயது நிரம்பியபோது மழலையர் வகுப்பில் சேர்க்க முடிவாயிற்று. ‘தாத்தா ஆசிரியராயிற்றே, நீங்களே ஆயத்தம் செய்யுங்கள்’ என்று மகள் ஒப்படைத்தாள். நாமும் பெருமையோடு ஏற்றுக்கொண்டோம். இரண்டு திங்களில் அலிஃப் முதல் யா வரை ஒப்பித்தாள்; ஆங்கில எழுத்து இருபத்தாறையும் சொன்னாள்; பெயர் கேட்டால் பெயரும், தந்தை பெயர் கேட்டால் அதுவும் ஆங்கிலத்தில் விடையாய் வந்தன. சேர்க்கை நாளில் தலைமையாசிரியை மெச்சினார். நாம் மீசைக்குள் நகைத்துக்கொண்டோம்.

பள்ளி தொடங்கிய நான்காம் நாள், ‘உங்கள் பேத்தி வாயே திறப்பதில்லை, செவியில் குறையிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்று சொல்லியனுப்பினார்கள். வீட்டில் ஓயாது பேசும் பிள்ளை அவள். இரவில் அவளுடைய நானி மடியில் கிடத்தி மெல்லக் கேட்டபோதுதான் செய்தி வெளிவந்தது. முதல்நாள் தாகத்தால் ‘பானி, பானி’ என்று கேட்டிருக்கிறாள். எவருக்கும் விளங்கவில்லை. இரண்டாம் நாளும் கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் கேட்பதை விட்டுவிட்டாள்.

நாம் அன்றிரவு உறங்கவில்லை. இருபத்தாறு எழுத்தைக் கற்பித்த நமக்குத் ‘தண்ணீர்’ என்னும் ஒரு சொல்லைக் கற்பிக்கத் தோன்றவில்லையே! வாசலில் கேட்கப்படும் வினாக்களுக்கு அவளை அணியமாக்கினோம்; வாசலுக்கு உள்ளே அவள் கழிக்கவேண்டிய பொழுதை நினைக்கவில்லை. பள்ளியையே குறைசொல்லித் தப்பிக்க நமக்கு உரிமையில்லை. நம் மக்தபிலும் முதல்நாள் வாயடைத்து அமர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களை ‘மந்தம்’ என்று ஒதுக்கியிருக்கிறோம். சிலர்மேல் பிரம்பும் பட்டிருக்கிறது. கடுமை காட்டுதல் மாணவர்க்கு, சிறப்பாக இளஞ்சிறார்க்கு, கேடென்றும் அது அவர்களைப் பொய்க்கும் வஞ்சத்துக்கும் பழக்குமென்றும் இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் தனி அதிகாரமே வகுத்துள்ளார். விளையாட்டைத் தடுத்து ஓயாது கற்கச் செய்வது குழந்தையின் உள்ளத்தைச் சாகடிக்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் எச்சரிக்கிறார். இவற்றையெல்லாம் படித்தவர்கள்தாம் நாம். படிப்பு ஏட்டிலும் பிரம்பு கையிலும் இருந்தன.

அக்குழந்தையின் மௌனத்தை உடைத்தவர் ஆசிரியை அல்லர், அவ்வகுப்பின் ஆயாம்மா. தெலுங்கு பேசும் குடும்பத்தவர், உருது அறியாதவர். மறுநாள் நம் மனைவி சென்று செய்தியைச் சொன்னபோது, ‘பசிக்கு என்ன சொல்வீர்கள் அம்மா? தூக்கத்துக்கு?’ என்று கேட்டுக்கொண்டார். பானி, பூக், நீந்த் என்று மூன்று நான்கு சொற்களை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் பேத்தி பேசலானாள். ஒரு திங்களில் தமிழில் தண்ணீர் கேட்டாள். பொருளறிய வாராத சொல்லைக் கேட்டு அருள் கொண்ட அந்த அம்மையாரை எண்ணும்போதெல்லாம் நமக்கு அஞ்சியின் நினைவு வருகிறது. அவன் வென்ற அரண்களைவிட ஒரு குழந்தையின் வாய்ப்பூட்டு எளிதில் திறப்பதன்று.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள் வகுத்தனர். வருகைப் பருவத்தில் குழந்தையைத் தாய் தன்பால் வருக வருக என்றழைக்கிறாள். செல்கைப் பருவம் என ஒன்று இல்லை. வீட்டைவிட்டு முதன்முதல் வெளிச்செல்லும் பிள்ளையை எவ்வாறு வழியனுப்புவது என்பதை இலக்கியம் நமக்குச் சொல்லித் தரவில்லை. வழக்கம்தான் ஓரளவு சொல்லித் தந்தது. நான்கு ஆண்டு, நான்கு திங்கள், நான்கு நாள் நிரம்பியதும் புத்தாடை உடுத்திப் பிஸ்மில்லாஹ் ஓதவைப்பது வடபுலத்தும் தக்காணத்தும் வாழும் முஸ்லிம்களிடையே நெடுநாள் வழக்கம். அந்நாட்கணக்குக்கு மார்க்கத்தில் சான்றில்லை. எனினும், அதுவரை குழந்தை வீட்டின் மழலையிலேயே திளைக்கட்டும் என்னும் முதியோரின் பொறுமை அதனுள் இருந்தது. இன்றோ இரண்டரை வயதிலேயே சேர்க்கைப் படிவம் வாங்க வரிசையில் நிற்கிறோம்.

நாடு இதனை எண்ணாமலில்லை. 1975 அக்டோபர் 2 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் நிலையத்துக்கு ‘அங்கன்வாடி’ என்று பெயர். அங்கன் என்பது வீட்டு முற்றம். பள்ளி முற்றத்தைப்போல் இருக்கவேண்டும் என்பது அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. 2009 ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டலாகாது என்கிறது. ஆயினும் அச்சட்டம் முதன்மையாக 6 முதல் 14 வயதினரையே கருதியது. மூன்று வயதினரின் வாசலில் காவல் நிற்கவேண்டியவர்கள் நாமே.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்லத்தக்கவை சிலவே. எழுத்துகள் காத்திருக்கும், தாகம் காத்திராது. நீர், பசி, வலி, கழிவறை இவற்றுக்குரிய பள்ளிமொழிச் சொற்களைப் பிள்ளைக்கு விளையாட்டாகக் கற்பியுங்கள். அவற்றுக்கு உங்கள் வீட்டில் வழங்கும் சொற்களை ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் எழுதிக்கொடுங்கள். பள்ளி தொடங்குமுன் அவ்விடத்தை இருமுறை காட்டி வாருங்கள். அழுதாலும் சொல்லிவிட்டே பிரியுங்கள்; கண்மறைந்து ஓடாதீர்கள். ‘குறும்பு செய்தால் பள்ளியில் விட்டுவிடுவேன்’ என்று அச்சுறுத்தி, சேருமுன்னரே பள்ளியைச் சிறையாக்காதீர்கள்.

ஆசிரியர்களாகிய நம்மவர்க்கு ஒன்றே. வகுப்பில் ஒரு பிள்ளை வாய்திறவாதிருந்தால், அதன் நாவைச் சோதிக்குமுன் நம் செவியைச் சோதித்துக்கொள்வோம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தகடூர் மண்ணில் ஒரு மன்னனுக்கு அச்செவி வாய்த்திருந்தது என்று ஔவையார் சான்று பகர்கிறார். நெல்லிக்கனியை நமக்குத் தருவார் இல்லை; அச்செவியை நாமே பெறலாம்.