பொம்மைக்கு எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்த முதலுதவி வகுப்பில் இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் சிபிஆரைப் பழக, 60 பேருக்கு ஒரே பொம்மை. காலை முழுக்கத் திரையில் படம் ஓடியது. சாயங்காலம் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் அதன் நெஞ்சை அழுத்தினோம். வீட்டுக்குப் போகும்போது எல்லார் கையிலும் சான்றிதழ்.

பிறகு வேறோர் இடத்தில், 6 பேருக்கு ஒரு பொம்மை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் அந்தப் பொம்மைக்குள் 'டிக்' என்று சத்தம் வரும். என் முதல் 30 அழுத்தத்தில் அது நாலைந்து தடவைதான் கேட்டது. முழங்கை மடங்கியிருந்தது. பயிற்சியாளர் என் கையை நேராக்கி, தோளைப் பொம்மையின் மார்புக்கு நேர் மேலே கொண்டுவந்தார். அப்புறம் ஒவ்வொரு அழுத்துக்கும் டிக். இரண்டு நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது.

பெரியவர்களுக்கு மார்பு குறைந்தது 5 செ.மீ. இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வாசிக்க ஒரு வரிதான், ஆனால் அது உடம்பில் ஏற வேண்டிய வித்தை. இணையத்தில் மட்டும் நடக்கும் வகுப்பை முதல் பயிற்சியாக நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். மறதிக்கு மருந்தாக, பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ள அது உதவும்.

108 ஆம்புலன்ஸ் வந்துவிடுமே என்பார்கள். வரும். ஆனால் இதயம் நின்றவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வண்டி வரும்வரை இருக்கும் நேரம் பக்கத்தில் நிற்பவரின் பொறுப்பு.

இனி கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம். மயக்க மருந்து நிபுணர்கள் பரப்பும் 'கோல்ஸ்' போன்ற, அழுத்தம் மட்டும் கற்றுத்தரும் குறும்பயிற்சியைக் குறைத்துப் பேச மாட்டேன். திடீரென்று சாய்ந்து விழும் பெரியவருக்கு அது போதும். கிணற்றிலும் குளத்திலும் மூழ்கி எடுக்கப்பட்ட பிள்ளைக்குப் போதாது. அங்கே குறைந்துபோனது மூச்சு. வாய்வழிக் காற்றும் கொடுக்கத் தெரிய வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டார் அதோடு நிற்கக் கூடாது.

மருத்துவமனைகளில் நடக்கும் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) வகுப்பில் பழக்கமும் தேர்வும் கறாராக இருக்கும். அட்டை 2 ஆண்டுதான் செல்லும். ஆனால் அது மருத்துவத் துறையினருக்காக அமைந்தது. தீப்புண், எலும்பு முறிவு, பாம்புக்கடி எதுவும் அதில் இல்லை. வீட்டுக்காரர் அதற்குப் பணம் கட்டுவது வீண் என்றே சொல்வேன்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் நடத்துபவை அகலமானவை: கட்டுப் போடுவது முதல் விஷக்கடி வரை வரும். பேருந்து நடத்துநர் உரிமத்துக்கு முதலுதவிச் சான்றிதழ் தேவை. தொழிற்சாலையில் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாளரும் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். இதனால் காகிதத்துக்காகவே வருபவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கைப்பழக்கம் கிடைக்காது.

இன்னொன்றையும் எடைபோட வேண்டும்: பயிற்றுநருக்கு நம் வீட்டுத் தவறுகள் தெரியுமா? வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். சுட்ட இடத்தில் பற்பசை தடவுகிறோம். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுக்குகிறோம், கீறுகிறோம். வலிப்புக்காரரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடிபடக்கூடிய பொருள்களை விலக்கினால் போதும். தீப்புண்ணில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். பாம்பு கடித்த காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சரியானதைச் சொன்னால் மட்டும் போதாது, பழைய பழக்கத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்காத வகுப்பு பாதி வகுப்புதான். பதற்றத்தில் கை பழையதையே தேடும்.

போலீஸ், கேஸ் என்ற அச்சத்தில் தள்ளிப்போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

என் தீர்ப்பு: சாதாரணக் குடும்பத்துக்கு, சிபிஆரும் காயமும் கடியும் சேர்ந்து வரும் ஒருநாள் பயிற்சியாவது வேண்டும். எந்த அமைப்பு என்பது இரண்டாம்பட்சம். பணம் கட்டும் முன் ஒரு போன் போட்டு, பொம்மைக்கு எத்தனை பேர், குழந்தைப் பொம்மை உண்டா, கடைசியில் ஒவ்வொருவரையும் செய்யச் சொல்லிப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஒரு பொம்மை என்றால் வேறு இடம் பாருங்கள். சேர்ந்து முடித்ததும், ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அதற்குள் கை மறக்கத் தொடங்கியிருக்கும்.