புகையும் தம்பூரும்

ஒரு பாடகரின் பழைய கேஸட்டைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, தம்பூரில் ஜீவனே இல்லை, குரலும் மெழுகு பூசினாற்போல் மங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குற்றம் அவருடையதல்ல, என் சிகரெட்டினுடையது.

ரிப்பேருக்கு வந்தவர் டேப்ரிகார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தார். பஞ்சு வெற்றிலைக் காவி போல் வந்தது. கேஸட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. விநாடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை, அதில் 5 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் புகையிலைப் பிசுக்குப் படிந்தாலே அந்த ஒலி ஏறக்குறைய கால்வாசியாகிவிடுகிறது. தாழ்ந்த ஒலிகள் தப்பித்துக்கொள்ளும். தம்பூரின் ரீங்காரமும் சாகித்தியத்தில் ஸகரத்தின் கூர்மையும் உயர்ந்த அதிர்வுகளை நம்பியிருப்பவை. முதலில் போவது அவைதாம். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கம்பீரமாகக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் என் கருவி யோக்கியமானது என்று நம்பிவிட்டேன்!

துடைத்தபின் மறுபடி போட்டுக் கேட்டேன். தம்பூர் பின்னால் நிறைந்து சுழன்றுகொண்டிருந்தது. ஆனால் கல்பனாஸ்வரத்தில் அவர் தாளத்தை விரட்டுகிறார் என்று எழுதினேனே, அதை மாற்றுவதற்கில்லை. அந்த அவசரத்துக்கு என் சிகரெட் பொறுப்பல்ல.