திருத்தப்படாத சிறையும் விலக்கப்பட்ட பெண்ணும்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் குற்றவியல் நீதி ஓர் இரண்டாண்டுப் படிப்பு. கட்டணம் குறைவு என்பதால் உழைக்கும் குடும்பத்துப் பெண்களும் இதில் சேர்கிறார்கள். காவலர்களும் சிறைப் பணியாளர்களும் படிக்க 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிதி அளித்தது. அதன் பிறகு இத்தகைய படிப்புகள் வேகமாகப் பெருகின. இவற்றில் சிறை பற்றிய பாடத்தின் பெயர் ‘கரெக்‌ஷன்ஸ்’, அதாவது திருத்தம். யாரை, எதைத் திருத்துவது என்று இந்தச் சொல்லிடம் கேட்க, டோத்தார்டு எதிர் ராலின்சன் வழக்கைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்பேன்.

டயான் ராலின்சன் 22 வயதுப் பட்டதாரி. கல்லூரியில் அவர் படித்ததே திருத்தத்துறை உளவியல். அலபாமா மாநிலத்தில் சிறைக்காவலர் வேலைக்கு விண்ணப்பித்தார். அங்கே அந்த வேலைக்குத் ‘திருத்த ஆலோசகர்’ என்று பெயர். ஆனால் 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் கட்டாயம். எடை போதவில்லை என்று ராலின்சனை நிராகரித்தார்கள். ஆலோசகர் வேலைக்குப் படித்து வந்தவளின் உடலைத்தான் நிறுத்துப் பார்த்தார்கள்.

1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விதியைத் தள்ளியது. அது பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரையும் ஆண்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானோரையும் விலக்கியது. பலம்தான் தேவை என்றால் பலத்தையே சோதிக்கலாமே என்றது நீதிமன்றம். தீர்ப்பை இத்தோடு மூடிவைத்தால் அது பெண்களின் வெற்றி.

இன்னொரு விதியும் இருந்தது. உச்சப் பாதுகாப்புள்ள ஆண்கள் சிறைகளில் கைதிகளோடு நெருங்கிப் பழகும் பணி பெண்களுக்குக் கிடையாது. இதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அலபாமா சிறைகளின் நிலை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1976இலேயே ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வன்முறை மலிந்த அத்தகைய இடத்தில், பெண் என்பதாலேயே ஒரு காவலர் தாக்கப்படலாம், கட்டுப்பாடு குலையலாம் என்பது வாதம்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. தெரு சரியில்லை, நீ வெளியே போகாதே என்று வீட்டில் சொல்வதுதான். சிறையைச் சீர்கெட விட்டது அரசு. வேலையை இழந்தவர்கள் பெண்கள். நீதிபதி தர்குட் மார்ஷல் தமது மாறுபட்ட தீர்ப்பில் இதைக் கண்டித்தார். பெண்ணுடலே ஆணைத் தூண்டுகிறது என்னும் பழைய கட்டுக்கதையைத்தான் இது நிலைநிறுத்துகிறது. தாக்குபவரைத் தண்டிப்பதே முறை என்றார்.

ஆனால் மார்ஷலோடும் நாம் நின்றுவிட முடியாது. சாவியை யார் வைத்திருப்பது என்பதே இந்த வழக்கின் கேள்வி. பூட்டுக்குள் இருக்கும் பெண்ணைப் பற்றி அது பேசவில்லை. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையை மாநில, கூட்டாட்சிச் சிறைகளில் இருப்போர் பெற முடியாதென 1994ஆம் ஆண்டுக் குற்றச் சட்டம் தடுத்தது. 2015க்குப் பின் வந்த சோதனைத் திட்டம் நீங்கலாக, 2023 ஜூலை வரை இதுவே நிலை. காவல் காக்க விரும்பிய ஏழைப் பெண் அந்த உதவித்தொகையில் திருத்தவியல் படிக்கலாம். காவலில் இருந்த ஏழைப் பெண்ணுக்கு எந்தப் படிப்புக்கும் அது இல்லை. திருத்தம் என்ற பெயரில்தான் இரண்டும் நடந்தன.

இந்தப் படிப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வகுப்பில் உட்காரும் பெண், பெண்களுக்கு வேலை கிடைத்ததா என்பதோடு, சிறை திருந்தியதா என்றும் கேட்க வேண்டும். தேர்வில் அந்தக் கேள்வி வராமல் போகலாம். பணியில் சேர்ந்த முதல் நாளே அது எதிரே வந்து நிற்கும்.