எது அசல்?

பழைய கேம் ஆட கணினியில் எமுலேட்டர் இருந்தால் போதும், கன்சோல் எதற்கு என்கிறார்கள் நண்பர்கள். முக்கால் பங்கு சரிதான். 1983இல் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமின் செயலிக்கு நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகள்தான். இன்றைய மடிக்கணினிக்கு அது தூசு. தவிர, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையிலேயே இல்லை என்கிறது வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023ஆம் ஆண்டு ஆய்வு.

'அசல்' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. புக்கிட் பெலிம்பிங் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு வாய்த்தது ஃபேமிகாம் இல்லை. அதன் தைவான் நகலான மைக்ரோ ஜீனியஸ். அப்ப எங்களுக்கு எது அசல்? கன்சோலைப் பூசிக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

ஆனால் 'டக் ஹன்ட்' என்னைத் தடுக்கிறது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான். பெட்டி டிவியில் அது உடனே தெரியும். எல்சிடியில் தாமதமாகும், துப்பாக்கி குருடாகிவிடும். எமுலேட்டரில் மௌஸால் சுட்டாலும் வாத்து விழும். ஆனா திரைக்கு ஒரு சாண் கிட்டப் போய், துப்பாக்கியை ஒட்டவைத்து, அண்ணனை ஏமாற்றிச் சுடுகிற ஆட்டம் அதில் இல்லை.

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பின் அதைப் படிக்க ஏடு தேவைப்படவில்லை. கேமின் நிரலும் அப்படித்தான். துப்பாக்கியும் பெட்டி டிவியும் அப்படியல்ல. எமுலேட்டரைத் தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய டிவியை மட்டும் இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.