வீரமாமுனிவரின் அவையறிதல்

திருக்குறட் பொருட்பாலில் அவையறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. சொல்லுவோன் தான் கற்றதனைச் சொல்லப் புகுமுன் கேட்போரின் தகுதியை ஆராய்ந்தறிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியிற் பெயர்த்த வீரமாமுனிவர் அவ்வதிகாரத்தை ஊன்றிக் கற்றிருப்பார் என்பதில் ஐயமில்லை. பிறநாட்டிலிருந்து வந்து, பலதிறப்பட்ட மக்களுக்குத் தம் சமயத்தைப் போதித்த அவர், அவ்வறிவை எவ்வாறு கைக்கொண்டார், அதனாற் பெற்றது யாது, இழந்தது யாது என்பன ஆராயத்தக்கன.

இத்தாலி நாட்டிலே காஸ்திக்கிளியோனே என்னும் ஊரில் 1680 ஆம் ஆண்டு பிறந்த பெஸ்கி என்பாரே பின்னர் வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்றவர். 1698 இல் இயேசு சபையிற் சேர்ந்த அவர், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை மிஷனை வந்தடைந்தார். அவருக்கு முன்னரே வழி திறக்கப்பட்டிருந்தது. முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளார் ஆக்கிய தம்பிரான் வணக்கம் என்னும் சிறுநூல் 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று. 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் நொபிலி அடிகள், துறவிக் கோலம் பூண்டு, வடமொழி விரவிய உரைநடையிற் சமய நூல்கள் இயற்றினார். முன்னவர் கடற்றுறை மக்களை நோக்கினார்; பின்னவர் பெரும்பாலும் கற்றறிந்த உயர்குலத்தாரை நோக்கினார். வீரமாமுனிவரோ பல அவைகளை ஒருங்கே நோக்கினார்.

புலவர் அவைக்குத் தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் செய்தார். பாடிக் கேட்கும் பொதுமக்களுக்குக் கித்தேரியம்மாள் அம்மானை செய்தார். ஊர்தோறும் சென்று போதிக்கும் உபதேசிமாருக்கு வேதியர் ஒழுக்கம் எழுதினார். புதிதாக வந்திறங்கும் ஐரோப்பியக் குருமாருக்கு இலத்தீன் மொழியில் இலக்கணமும், பேச்சுத்தமிழ் பயிலுதற்குப் பரமார்த்த குருவின் கதையும் ஆக்கினார். தரங்கம்பாடி லூத்தரன் போதகரோடு வேத விளக்கம் முதலிய நூல்களால் வாதிட்டார். அங்ஙனம் வாதிட்டவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738 இல் அச்சிட்டதும் அத்தரங்கம்பாடி அச்சகமே என்பது, மாற்றாரும் மதித்த புலமைக்குச் சான்றாகும்.

இவற்றுள் தலையாயது 1726 இல் நிறைவுற்ற தேம்பாவணி. மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 விருத்தங்களும் கொண்ட இப்பெருங்காப்பியத்தின் தலைவர், இயேசுபிரானின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் பொருளை உணர்ந்து வளன் எனத் தமிழாக்கியதிலேயே ஆசிரியரின் மொழித்திறம் புலப்படுகின்றது. நாட்டுப் படலத்தில் யூதேய நாடு நீர்வளமும் நெல்வளமும் உடைய தமிழ்நாடாகவே காட்சியளிக்கின்றது. சிந்தாமணியிலும் கம்பராமாயணத்திலும் தோய்ந்த புலவர் செவிக்கு இஃது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

இவ்வுத்தி அணியளவில் நின்றுவிடவில்லை. சூசையும் மரியும் மணம் புரிந்தும் கன்னிமை காத்தனர் என்பது கத்தோலிக்கரின் கொள்கை. அதனைக் கேட்கும் தமிழர் வியப்புறுதல் இயல்பு. ஆசிரியரோ, இல்லறம் துறவறம் என்னும் தமிழ்ப் பாகுபாட்டையே எடுத்துக்கொண்டு, ஈரறம் பொருத்து படலம் என ஒரு படலம் அமைத்தார். அயற்கொள்கை ஒன்று தமிழரின் அறநூல் மரபிலேயே தனக்கு இடந்தேடிக்கொண்டது. அவையறிதலின் உச்சநிலை இதுவாகும்.

எனினும், இதே அவையறிதல் அவருக்கு ஒரு தளையாகவும் ஆயிற்று. தன்னேரில்லாத் தலைவனையும் வளமிக்க நாட்டையும் மாட மாளிகை நிறைந்த நகரையும் காப்பிய இலக்கணம் வேண்டி நிற்கும். சூசையோ உளியும் வாய்ச்சியும் ஏந்தி உழைத்துண்ட தச்சர். தாவீதரசன் வழிவந்தவர் என்பது உண்மையேயாயினும், அவர் பெருமை அவ்வழிப் பிறப்பில் அன்று, எளிமையிலேயே உளது. புலவரை மகிழ்விக்க வந்த நகரணியும் உவமைத் திரளும் இவ்வெளிமையைப் பல இடங்களில் மறைத்துவிடுகின்றன. எகிப்துக்குச் செல்லும் வழியிற் பழைய ஏற்பாட்டு வீரர் வரலாறுகள் கிளைக்கதைகளாய் விரிகின்றன. அவ்வரலாறுகளை அறியாத அவைக்கு அவற்றைப் போதித்தல் வேண்டும் என்பது ஆசிரியர் நோக்கம். ஆயின், குழந்தையைக் காக்க இரவோடிரவாகப் புறப்பட்ட குடும்பத்தின் அச்சமும் அவலமும் அவற்றினிடையே தளர்ந்துவிடுகின்றன. போதகர் வென்ற இவ்விடத்திற் புலவர் தோற்றார் எனல் மிகையாகாது.

இக்குறை அவருடைய உரைநடையில் இல்லை. 1727 இல் எழுந்த வேதியர் ஒழுக்கத்தில் அணிக்கு வேலையில்லை. போதிக்கப் புகுவோன் முதலில் தன் வாழ்வைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்னும் பொருள், வீட்டில் ஒருவர் மற்றொருவர்க்கு எடுத்துரைக்கும் பாங்கில் அமைந்துளது. கேட்போர் சான்றோராயின் ஆசிரியர் தம்மைப் புனைந்துகொள்கின்றார். எளியோராயின் தம்மையே வெளிப்படுத்துகின்றார்.

பரமார்த்த குருவின் கதையோ இதனினும் விந்தையான வரலாறு உடையது. ஆறு விழித்திருக்கின்றதா உறங்குகின்றதா எனக் கொள்ளிக்கட்டையால் ஆய்ந்தறியும் சீடர் கதை, தமிழறியாத குருமாரின் மொழிப்பயிற்சிக்காக எழுந்தது. 1822 இல் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனிற் பதிப்பித்தார். பின்னர் அது தமிழ்ச் சிறுவரின் கதையாகவே ஆகிவிட்டது. குருபரம்பரையை எள்ளும் நூலென அதனைக் குறைகூறுவோரும் உளர். அக்குறையை முற்றாகத் தள்ளிவிடுதல் இயலாது. குரு என்னும் சொல் பிறர்க்கு எத்துணைப் புனிதமானது என்பதை ஆசிரியர் அறியாதவர் அல்லர். ஆயின், மடமையைப் பார்த்துச் சிரிக்கும் அக்கதைகளிற் சமயப் போதனை ஏதுமில்லை. எந்த அவைக்கு எழுதப்பட்டதோ அந்த அவை மறைந்தபின்னும் அந்நூல் வாழ்கின்றது.

இவ்வரலாற்றின் பயனை யாழ்ப்பாணத்தவர் நன்கறிவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். அச்சு, பிரசங்கம், எளிய வசனநடை ஆகிய போதகர்தம் கருவிகளை அவர் சைவத்தின் பொருட்டு ஏந்தினார். கருவியை ஏற்றார், கொள்கையை ஏற்றிலர். ஒரு சாராரின் முயற்சி மறுசாராரை விழிப்பித்தது. தமிழ் உரைநடையோ இருசாராராலும் வளம் பெற்றது.

ஆகவே, வீரமாமுனிவரை மதிப்பிடுங்கால் அவர் சமயத்தை ஏற்றோர் புகழ்தலும் ஏலாதோர் இகழ்தலும் மட்டும் போதா. பிறரிடம் பேசச் செல்பவன் அவர்தம் மொழியைக் கற்றல் வேண்டும். கற்றபின் அம்மொழி அவனையும் மாற்றியே தீரும். போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கராய் அமர்ந்தார். அம்மாணாக்கர் நிலையிற் பெற்றவற்றையே தமிழ் இன்றும் தன் செல்வமாகப் போற்றுகின்றது.